கூகை அமைத்த பாலம்

பறவையைத் தூது விடுதல் நம் இலக்கியத்திற் பழைய வழக்கு. பாண்டி நாட்டிலே வாழ்ந்த பிசிராந்தையார், சோழ நாட்டிலிருந்த தம் நண்பன் கோப்பெருஞ்சோழனை எண்ணி, வடதிசை நோக்கிப் பறக்கும் அன்னம் ஒன்றை விளித்துப் பாடிய பாட்டுப் புறநானூற்றிலே உள்ளது. சோழனும் பாண்டியனும் தத்தம் நாட்டுக்கு எல்லை வகுத்தனர். அன்னத்துக்கோ அவ்வெல்லை தெரியாது. மனிதன் கடக்க அஞ்சும் எல்லையைப் பறவை கேளாமலே கடந்து செல்லும் என்னும் உண்மையே தூதுப் பாடல்களுக்கெல்லாம் அடிப்படை என்று கூறலாம்.

இஃது புலவர் கற்பனையோடு நின்றுவிடுவதா, அன்றி நடைமுறையிலும் பயன்படுவதா? பகைகொண்ட இரு மக்கட் கூட்டத்தாரிடையே ஒரு பறவை உண்மையாகவே தூது செல்லல் கூடுமா? இவ்வினாவுக்கு விடையாக, நம் காலத்தில் யோர்தான் நதிப் பள்ளத்தாக்கிலே நடைபெற்ற ஒரு முயற்சியை ஈண்டு மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றேன். அங்கே தூது சென்றது அன்னமன்று, கிளியுமன்று. எவரும் நல்வாக்குச் சொல்லாத கூகையே அத்தூதுவன்.

பள்ளத்தாக்கும் அதன் மக்களும்

கலிலேயாக் கடலினின்றும் தெற்கே சாக்கடலை நோக்கி யோர்தான் நதி ஓடுகின்றது. அது பாயும் பள்ளம் கடல் மட்டத்திலும் தாழ்ந்தது. கலிலேயாக் கடலின் நீர்ப்பரப்புக் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீற்றர் கீழே உள்ளது. சாக்கடலோ 430 மீற்றருக்கும் கீழே கிடக்கின்றது. கோடையில் வெப்பம் கடுமையானது. எனினும் நீர் பாய்ச்சிய இடங்களிற் பேரீந்தும் காய்கறியும் தீவனப் பயிரும் செழித்து வளர்கின்றன. ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே வலசை செல்லும் பறவைகட்கும் இவ்வழியே பெருவழி. ஆண்டுதோறும் இருமுறை ஏறத்தாழ ஐம்பது கோடிப் பறவைகள் இப்பிரதேசத்தைக் கடக்கின்றன என அறிஞர் மதிப்பிடுவர்.

நதியின் கிழக்கே யோர்தான் நாடு. மேற்கே வடபாகத்தில் இஸ்ரேல். அதன் தெற்கே பலஸ்தீனியர் வாழும் மேற்குக் கரை. 1948ஆம் ஆண்டிலும் 1967ஆம் ஆண்டிலும் மூண்ட போர்கள் இம்மக்களிடையே ஆறாத புண்ணை உண்டாக்கின. 1967 முதல் மேற்குக் கரை இஸ்ரேலியப் படையின் ஆதிக்கத்துள் இருந்து வருகின்றது. பாசனத்துக்காக மேலே நீர் மறிக்கப்பட்டமையால் நதி பல இடங்களில் ஓர் ஓடையளவாகவே குறுகிவிட்டது. ஒரு கரையில் நின்று உரத்துப் பேசினால் மறுகரையிற் கேட்கும். ஆயினும் நெடுங்காலம் எவரும் பேசவில்லை. இருகரைக்கும் நடுவே முட்கம்பியும் மிதிவெடியுமே நின்றன.

கூகையின் இயல்பு

இனிக் கூகையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஆந்தை இனங்கள் பலவற்றுள் வெண்முகக் கூகை ஒன்று. நம் நாட்டிலும் இஃது உண்டு. வெற்றிலை போன்ற முகமும், வெண்மையான அடிவயிறும், பொன்னிறம் கலந்த முதுகும் உடையது. பாழ்வீடுகள், மரப்பொந்துகள், கோயிற் கோபுரங்கள், களஞ்சியங்கள் ஆகிய இடங்களிற் குடியிருக்கும். குச்சி பொறுக்கிக் கூடு முடையும் வழக்கம் இதற்கு இல்லை. இருண்ட பொந்து ஒன்று அகப்படின் அதுவே போதும்.

இதன் முகவட்டம் ஒலியைத் திரட்டிச் செவிக்குள் செலுத்துகின்றது. வலச்செவியும் இடச்செவியும் ஒரே மட்டத்தில் அமையாமையால், ஒலி எத்திசையினின்று, எவ்வளவு உயரத்தினின்று வருகின்றது என்பதைக் கூகை நுட்பமாக அறியும். முற்றும் இருள் சூழ்ந்த அறையிலும் கூகை செவிப்புலன் ஒன்றினாலேயே எலியைப் பிடிக்கவல்லது என்பதை அமெரிக்க அறிஞர் ரொஜர் பெயின் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வினால் நிறுவினார். அதன் இறகின் விளிம்பு மென்மையானது. ஆதலாற் பறக்கும்போது ஓசை எழுவதில்லை. எலி தன் யமன் வருவதை அறியமாட்டாது.

கூகை எலியை முழுதாக விழுங்கும். செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கிப் பின்னர்க் கக்கிவிடும். அவ்வுருண்டைகளை உடைத்து எண்ணினால் அது எத்தனை எலிகளைத் தின்றது என்று கணக்கிடலாம். ஒரு சோடிக் கூகையும் அதன் குஞ்சுகளும் ஆண்டொன்றுக்கு 2000 முதல் 6000 வரையான எலிகளைத் தின்னும் என்று அப்பள்ளத்தாக்கிலே கணித்திருக்கின்றனர். கூலி கேளாத இத்தகைய காவலாளி வேறு யாருளர்?

நஞ்சு தந்த பாடம்

எலிகளால் விளைவு அழிவதைக் கண்ட விவசாயிகள் முதலில் நாடியது நஞ்சையே. நஞ்சு எலியைக் கொன்றது உண்மை; ஆனால் அவ்வளவில் அது நிற்கவில்லை. நஞ்சுண்டு தள்ளாடும் எலியை எளிதிற் பிடித்துத் தின்ற பருந்தும் வல்லூறும் கூகையும் தாமும் மாண்டன. 1975-76ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், இஸ்ரேலின் வடக்கேயுள்ள கூலாப் பள்ளத்தாக்கில், எலிகளை ஒழிக்கத் தெளித்த கிருமிநாசினியால் நூற்றுக்கணக்கான வேட்டைப் பறவைகள் இறந்தன. எலியோ விரைந்து பெருகும் இனம். ஆண்டுக்குச் சில குஞ்சுகளையே வளர்க்கும் பறவை அவ்வாறு பெருகாது. ஆகவே நஞ்சிட்ட வயலில் எலி மீண்டு வந்தது. எலியின் பகைவன் மீளவில்லை. விவசாயி மேலும் நஞ்சிட்டான். நோயைத் தீர்க்க உண்ட மருந்தே நோயை வளர்த்த கதையாயிற்று.

இந்நிலையில், 1983ஆம் ஆண்டில், பெத்சான் பள்ளத்தாக்கிலுள்ள சுதே எலியாகு என்னும் கூட்டுப் பண்ணைக் கிராமத்தார் வேறு வழியை நாடினர். வயல்களினிடையே கம்பங்களை நாட்டி, அவற்றின்மேல் மரப்பெட்டிகளைப் பொருத்தினர். பொந்து தேடி அலையும் கூகைக்கு அவை வீடாயின. வெயில் நேரே தாக்காதவாறு பெட்டியின் வாயிலை அமைத்தல் வேண்டும் என்பது போன்ற நுட்பங்கள் அனுபவத்தால் விளங்கின. இரவிலே கூகையும், பகலிலே அத்தகைய பெட்டியிற் குடிபுகும் சிறு வல்லூறும் மாறிமாறி வயலைக் காத்தன. சிறிதாகத் தொடங்கிய முயற்சி பின்னர் அந்நாட்டு அரசின் ஆதரவையும் பெற்றுப் பரவியது. பெட்டிகள் ஆயிரக்கணக்கிற் பெருகின.

ஆற்றைக் கடந்த பறவை

இவ்வளவிற் கதை முடிந்திருப்பின் அது வேளாண்மைப் பாடமாக மாத்திரமே இருந்திருக்கும். ஆயின் கூகைக்கு நாட்டெல்லை தெரியாது. மேற்குக் கரையிற் குஞ்சு பொரித்த பறவை கிழக்குக் கரையில் வேட்டையாடச் செல்லும். அங்கே நஞ்சுண்ட எலி ஒன்றைப் பிடிப்பின் இங்கே கூட்டிலுள்ள குஞ்சுகள் பட்டினியால் மடியும். மறுகரைக் கூகைக்கும் இதே கதி. தன் வயலில் எத்துணை ஒழுங்காக நடப்பினும், அயலான் நஞ்சிடும்வரை ஒருவனாலும் தன் கூகையைக் காக்க இயலாது. அயலானோடு பேசியே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தைப் பறவை உண்டாக்கியது. அந்த அயலான் நேற்றுவரை பகைவன்.

1994ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 26ஆம் திகதி இஸ்ரேலும் யோர்தானும் சமாதான உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. அரசுகள் கைச்சாத்திட்டன என்பதனால் மக்கள் மனம் ஒன்றிவிடவில்லை. ஏட்டிலுள்ள சமாதானம் வயலுக்கு வந்து சேர மேலும் சில ஆண்டுகள் சென்றன. 2002ஆம் ஆண்டளவில் யோர்தானிய விவசாயிகளும், அவர்களோடு பலஸ்தீன விவசாயிகளும் இத்திட்டத்திற் சேர்ந்தனர்.

சேர்த்துவைத்தோர் யாவர் என்பது கருதத்தக்கது. இஸ்ரேலிற் பறவையியல் அறிஞர் யோசி லெசெம் இதனை முன்னின்று நடத்தினார். யோர்தானில் மன்சூர் அபூ ரசீது துணை நின்றார். இவர் பறவையியல் கற்றவரல்லர். யோர்தானியப் படையிற் சேனாதிபதியாக இருந்து ஓய்வுபெற்றுப் பின் அம்மான் நகரிற் சமாதானத்துக்கான நிலையம் ஒன்றை நடத்தியவர். இஸ்ரேலியப் படையினின்றும் ஓய்வுபெற்ற சேனாதிபதி பாருக் சுபீகல் என்பாரும் இப்பணியிற் கைகோத்தார். சுவிற்சர்லாந்து நாட்டு லோசான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அலெக்சாந்தர் ரூலன் நடுநிலையாளராய் நின்று உதவினார். 2017ஆம் ஆண்டில், இயற்கைக்கு எல்லைகள் இல்லை என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, உயிரினச் சூழலியல் ஏடொன்றில் வெளிவந்த கட்டுரையிலே இவர்கள் பெயர்கள் யாவும் சேர்ந்து நிற்கின்றன. எதிரெதிர்ப் படைகளிற் பணிபுரிந்த இரு சேனாதிபதிகள் ஒரு பறவையைப் பற்றிய கட்டுரையிற் கூட்டாசிரியராயினர் என்பது சிறிய செய்தியன்று.

நம்பிக்கையும் ஆராய்ச்சியும்

வேறொரு தடையும் இருந்தது. அராபிய மக்களிடையே கூகை அபசகுனம் என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்தது. அதன் குரல் சாவை அழைக்கும் என்று அஞ்சிக் கண்ட இடத்திற் கொல்வாரும் உளர். இவ்வாறு கேள்வியுற்றதும் நாம் நகைத்தற்கில்லை. நம் ஊரிலும், வளவுப் பனையிலிருந்து கூகை குழறினால், வீட்டில் நோயுற்றோர் இருப்பின் முதியோர் முகம் வாடுவதை நாம் கண்டதில்லையா? அதே ஆந்தையை வட இந்தியாவிலே இலக்குமியின் வாகனமாகக் கொள்கின்றனர். திருவள்ளுவரோ காலமறிதல் என்னும் அதிகாரத்தின் முதலிலேயே கூகையை எடுத்துக்காட்டி, அதன் வலிமையையும் அவ்வலிமைக்குரிய பொழுதையும் உணர்த்தினார். பறவை ஒன்றே, பார்ப்பவர் கண்ணே வேறு.

அறியாத பறவையை மக்கள் எவ்வாறு அஞ்சி வெறுத்தார்களோ அவ்வாறே அறியாத அயலானையும் அஞ்சி வெறுத்தனர். இரண்டும் ஒரே நோயின் இரு கிளைகள். இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே: அருகிற் சென்று பார்த்தல். பெட்டியைத் திறந்து, அதனுள்ளே கிடந்த எலும்புருண்டைகளைப் பார்த்த விவசாயிக்குக் கூகை யமதூதன் அன்று, எலிக்கே யமன் என்பது புலனாகும். அவ்வாறே, ஓர் எலியைப் பற்றியும் ஒரு பேரீந்தின் விளைவைப் பற்றியும் தன்னைப் போலவே கவலைப்படும் மனிதனை மறுகரையிற் காணும்போது, அவன் பகைவன் என்னும் சொல்லுக்குள் முழுதும் அடங்குபவன் அல்லன் என்பதும் புலனாகும். பள்ளி மாணவரையும் இப்பணியில் ஈடுபடுத்தியமை இக்காரணம் பற்றியே.

இம்முயற்சி பலித்தமைக்குக் காரணம் மூன்று எனக் கூறலாம். முதலாவது, அது ஒருவரையொருவர் நேசிக்குமாறு எவரையும் கேட்கவில்லை. விளைவைக் காக்குமாறே கேட்டது. நேசம் கட்டளையால் வாராது. கூட்டுப் பயனோ கணக்கால் விளங்கும். இரண்டாவது, அதன் பயன் பகுக்கவொண்ணாதது. நிலத்தைப் பங்கிடலாம், நீரைப் பங்கிடலாம். பறந்து திரியும் கூகையை உன்னது என்னது என்று பங்கிட இயலாது. காத்தால் இருவர்க்கும் உண்டு. அழித்தால் இருவர்க்கும் இல்லை. மூன்றாவது, அது சொல்லளவில் நில்லாது கையினாற் செய்யும் வேலையாயிருந்தது. பெட்டி செய்தல், கம்பம் நடுதல், குஞ்சை எண்ணுதல், காலில் வளையமிடுதல் ஆகியவற்றைச் செய்யுங்கால் இருவர் கைகள் பழகும். கை பழகிய பின் நாவும் பழகும்.

பாலத்தின் வலிமையும் வரம்பும்

இத்துணையும் கூறியபின் உண்மையை மறைத்தல் கூடாது. கூகை சமாதானத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று எவரேனும் கூறின் அது பொய். பலஸ்தீன விவசாயி தன் வயலுக்குச் செல்லப் படைக்காவலரணைக் கடக்கவேண்டியவனாயிருக்க, மறுபுறத்து விவசாயிக்கு அவ்விடர் இல்லை. நிலம் யாருடையது, நீர் யாருடையது, உரிமை யாது என்னும் வழக்குகளைக் கூகை தீர்த்து வையாது. நீதி செய்யவேண்டியவர் செய்யாதிருக்கப் பறவையைக் காட்டி மக்களை ஆற்றுவிப்பது அறமுமாகாது. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7ஆம் திகதி நிகழ்ந்த கொலைகளும், அதன்பின் காசாவிலே மூண்ட பெரும்போரும், பல்லாயிரம் உயிர்களின் அழிவும், இத்தகைய சிறு பாலங்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்கமாட்டா என்பதை உலகுக்குக் காட்டின.

அங்ஙனமாயின் இப்பாலத்தால் யாது பயன் என்று கேட்கலாம். பெருவெள்ளத்திலே ஒற்றையடிப் பாலம் மூழ்கிவிடலாம். ஆயினும் வெள்ளம் வடிந்தபின் கடப்பவன் பழைய பாலத்தின் கால்கள் நின்ற இடத்தையே தேடுவான். மறுகரையிலுள்ளான் ஒருவனின் பெயரையேனும் அறிந்திருத்தல், பெயரறியாதிருத்தலினும் மேலானது. போர் ஓய்ந்தபின் பேசத் தொடங்குவோர்க்கு அந்த ஒரு பெயரே முதற்சொல்லாகும்.

இவ்வெண்ணம் யோர்தான் கரையோடு நின்றுவிடவில்லை. சைப்பிரசுத் தீவிலே கிரேக்கரும் துருக்கியரும் 1974ஆம் ஆண்டின் பின் வடக்கும் தெற்குமாகப் பிரிந்தனர். ஐக்கிய நாடுகளின் காவலிலுள்ள வெற்றுவலயம் ஒன்று தீவைக் குறுக்கே அறுத்து நிற்கின்றது. அத்தீவிலும் கூகைக்குப் பெட்டி வைத்து எலியை அடக்கும் முயற்சியில் இரு சாராரும் ஈடுபட்டனர். கொரிய நாட்டிலே 1953ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தால் உண்டான, ஏறத்தாழ 4 கிலோமீற்றர் அகலமுடைய படையில்லா வலயத்தையும் அதன் அயலையும் செங்கொண்டைக் கொக்குகள் குளிர்கால உறைவிடமாகக் கொண்டிருக்கின்றன. மனிதன் மனிதனுக்கு அஞ்சி விட்டகன்ற நிலத்திலே பறவை வந்து வாழ்கின்றது. அதனைக் கண்டு மகிழ்வதா, நாணுவதா என்பது தெரியவில்லை.

நமக்குரிய பாடம்

சுதே எலியாகு கிராமத்தில் முதற் பெட்டிகள் நாட்டப்பட்ட ஆண்டு 1983 என்று மேலே கூறினேன். அவ்வாண்டின் ஆடி மாதத்திலே நம் தீவில் யாது நிகழ்ந்தது என்பதை இச்சஞ்சிகையை வாசிக்கும் பழைய மாணவர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இவ்வாண்டு விழாவுக்கு வருவோரிற் பலர் அக்காலத்தில் ஊரைவிட்டும் நாட்டைவிட்டும் அகன்றவர்கள். வரவேண்டியவருட் சிலர் இன்று இல்லை. ஒரே ஆண்டில் ஓரிடத்திலே கம்பம் நாட்டினர். ஓரிடத்திலே வீட்டுக்குத் தீ மூட்டினர். 2009ஆம் ஆண்டிலே துப்பாக்கி ஓய்ந்தது. துப்பாக்கி ஓய்தல் ஒன்று. அயலவர் ஆதல் வேறொன்று. முன்னையது ஒரு நாளில் நிகழலாம். பின்னையது நாள்தோறும் நிகழவேண்டியது. அதற்கு முன் நிபந்தனை நீதி என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆனால் நீதி வரும்வரை கைகட்டி நிற்கவேண்டும் என்பதும் இல்லை.

நெல் விளைப்போன் தமிழனாயினும் சிங்களவனாயினும் முஸ்லிமாயினும் அவன் வயலில் எலி ஒன்றே; எலிக்காய்ச்சலும் ஒன்றே. வயல் நடுவே ஆந்தை அமர்வதற்குக் கம்பு நடும் வழக்கம் நம் விவசாயிகளிடையேயும் உண்டு. மன்னார்க் கரையிலுள்ள வங்காலைச் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் வரும் பூநாரையும் ஊசிவால் வாத்தும் எம்மொழி பேசுவோர் காப்பினும் தங்கும். எம்மொழி பேசுவோர் அழிப்பினும் அகலும். 2010ஆம் ஆண்டில் அச்சரணாலயம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதனைக் காக்கும் பணியில் வடக்கு மாணவனும் தெற்கு மாணவனும் ஒருங்கே நின்று ஒரு தொலைநோக்கியை மாறிமாறிப் பிடிப்பரேல், அவ்வொரு காலைப்பொழுது பல மேடைப் பேச்சுக்களினும் பயனுடையதாகும்.

ஆதலின் இக்கல்லூரி மாணவர்க்கு ஒன்று கூறி இதனை முடிப்பேன். இன்றிரவு உங்கள் வளவிலே கூகை குழறுமாயின் கல்லெடுக்க வேண்டா, கதவடைக்கவும் வேண்டா. அது யார் சாவையும் அறிவிக்க வரவில்லை. உங்கள் களஞ்சியத்தைக் காக்க வந்திருக்கின்றது. அது எவ்வேலியைக் கடந்து வந்தது என்றும், அவ்வேலிக்கு அப்பால் இருப்பவர் யார் என்றும், அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்றும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பெயர் தெரியாதாயின், நாளைக் காலையில் நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை யாது என்பதைக் கூகையே சொல்லிவிட்டது.